வயிற்றுவலி என்று எழுதிய சீட்டுகள்

அத்தியாயம் 11

போன வாரம் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்த கோலப்பனை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பயப்பட வேண்டாம், வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு மனிதர் நாலு இட்லியை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டார். கோபம் மட்டும் குறையவில்லை.

கோபம் மகள் ரேஷ்மிமேல். இந்த மலையாள ஊரின் பெரிய கடைவீதியான சாலை பஜாரில் முப்பத்தைந்து வருஷமாகப் பாத்திரக் கடை நடத்துகிற கோலப்பன், தங்கள் வட்டாரத்துச் சுகாதார நிலையத்தின் நிர்வாகக் கமிட்டியில் ஓர் உறுப்பினர். அதே சுகாதார நிலையத்தில், குழந்தைகள் டாக்டரின் அறைக்கு அடுத்த அறையில், ரேஷ்மி இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஆறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளின் மனசைப் பார்க்கிற வேலை. காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் வருகிற பிள்ளைகளில் யாராவது உறங்காமல், சாப்பிடாமல், தன் கையையே கடித்துக்கொண்டு இருந்தால், டாக்டர் அம்மாக்காரியிடம் அடுத்த அறையைக் கைகாட்டுவார். அங்கே ரேஷ்மி பாயை விரித்துப் பொம்மைகளோடு உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்குச் சம்பளம் கொடுத்து வந்தது ஒரு டிரஸ்ட். இரண்டு வருஷம்தான் பேச்சு, இந்த மாசத்தோடு சரி என்று அவர்கள் கடிதம் போட்டுவிட்டார்கள். இனி அந்த அறை திறந்திருக்க வேண்டுமென்றால் கமிட்டி தன் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். கமிட்டி கூடுவது இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு.

"என் மக சம்பளத்துக்கு நான் கைதூக்குனா, நாளைக்குச் சாலையில நாலு பேரு முகத்துல எப்பிடி முழிக்க?" என்றுதான் போன வாரம் தட்டைத் தள்ளினார். மகள் விஷயம் வரும்போது பேசாமல் எழுந்து வெளியே போய் நிற்கலாம், யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. ஆனால் கோலப்பனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கம் இல்லை. எழுந்து நின்று எதிர்த்தே பேசுவேன் என்கிறார். நேர்மை நல்லதுதான், இந்த மனிதருக்கு அது கொஞ்சம் ஊர் பார்க்கச் செய்கிற நேர்மை.

ரேஷ்மியின் கணவனுக்குப் பாலக்காட்டில் வங்கி வேலை, சனிக்கிழமைதான் வருவான். அதனால் மற்ற நாளெல்லாம் அவள் வலியசாலையில் அப்பா வீட்டில் இருக்கிறாள். ஒரே அடுக்களையில் சோறு தின்றுகொண்டு அப்பனும் மகளும் ஒரு கமிட்டிக்கு முன்னால் எதிரும் புதிருமாக நிற்பது அவளுக்கு எப்படி இருக்கும்?

அன்று காலை கோலப்பன் பேரனை மடியில் வைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். பேரன் அச்சுவுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். கடையில் அப்பாவுக்குத் துணையாக இருக்கிற ரேஷ்மியின் தம்பி விஜினின் மகன். எட்டு மாசத்துக்கு முன் சுகாதார நிலையத்திலிருந்து அச்சுவோடு வந்த ஓ.பி. சீட்டை முதலில் வாங்கிப் படித்தவர் தாத்தாதான். 'வயிற்றுவலி' என்று எழுதியிருந்தது. அன்று தொடங்கித் தினமும் காலையில் ஒரு சங்கு ஓமத் தண்ணீர். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவான், தாத்தா கன்னத்தைத் தட்டிக்கொடுப்பார்.

"இப்பம் வயித்துவலின்னு சொல்லுகானா பாரு. ஒரு நாள் சொன்னானா?" என்று அடுக்களைப் பக்கம் பார்த்துப் பெருமையாகக் கேட்டார்.

அடுக்களை வாசலில் நின்ற மருமகள் சுபிதா, ரேஷ்மியைப் பார்த்தாள். ரேஷ்மி டிபன் பாக்ஸை மூடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

அச்சுவுக்கு வயிற்றுவலி வந்ததே கிடையாது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் அவன் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான். டீச்சர் கேட்டால் பதில் இல்லை. மூத்திரம் முட்டினாலும் சொல்ல மாட்டான், வீடு வரும்வரை அடக்கிக்கொண்டு நிற்பான். வீட்டுக்குள் வந்துவிட்டால் ஓயாத பேச்சு. எட்டு மாசமாக ரேஷ்மி தன் அறையில் அவனோடு பாயில் உட்கார்ந்து, உருண்டு, குரங்குப் பொம்மையை வைத்துப் பேச்சுக் கொடுத்து, இப்போதுதான் டீச்சர் காதுக்குள் 'பிரசன்ட் மிஸ்' என்று கிசுகிசுக்கிற அளவுக்கு வந்திருக்கிறான். இது தெரிந்தவர்கள் ரேஷ்மியும் சுபிதாவும் மட்டும். விஜினுக்குக்கூடத் தெரியாது.

சுபிதா மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய தாய்மாமன் ஒருவரை ஒரு காலத்தில் ஊளம்பாறை மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கல்யாணப் பேச்சில் அது ஒருமுறை தலைகாட்டி, பெரியவர்கள் பேசி அமுக்கினார்கள். இப்போதும் சுபிதா கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால், "மாமன் வழி வந்துட்டா?" என்று விஜின் விளையாட்டுக்குக் கேட்பான். அவனுக்கு அது விளையாட்டு. அவளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது. பிள்ளைக்கும் இப்படி ஒன்று என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

கோலப்பன் தேய்த்து வைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, கமிட்டிக்கு நேரே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

*

மழை வருவதுபோல இருட்டிக்கொண்டு வந்து, பெய்யாமல் புழுங்கித் தள்ளியது. ரேஷ்மி சுகாதார நிலையத்துக்குள் நுழையும்போதே டாக்டர் கூப்பிடுகிறார் என்று நர்ஸ் சொன்னாள்.

டாக்டர் வேலாயுதன் செங்கோட்டைப் பக்கத்து மனிதர். கோபப்படத் தெரியாதவர். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்ததும் கோபம் இல்லை, குழப்பம். கமிட்டிக்குக் கொடுக்க ரெஜிஸ்டரிலிருந்து எண்ணிக்கை எடுத்திருக்கிறார். இரண்டு வருஷத்தில் 'மனநலம்' என்ற தலைப்பின்கீழ் வந்த பிள்ளைகள் பதினாலு பேர். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்து மூன்று முறை எடுத்துப் பார்த்தாராம். மூன்று முறையும் பதினாலு.

வெளியே பெஞ்சில் அந்த நேரத்திலேயே ஆறு அம்மாமார் பிள்ளைகளோடு ரேஷ்மிக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

ரேஷ்மி கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னாள். வேலைக்கு வந்த முதல் வாரம் ஒரு அம்மாக்காரி, சீட்டில் எழுதியிருந்ததைப் பக்கத்தில் நின்றவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாசலிலேயே அதைக் கிழித்து ஓடையில் போட்டுவிட்டுப் போனாள். மறுபடி வரவே இல்லை. அந்தப் பிள்ளை தலையைச் சுவரில் முட்டுகிற பிள்ளை. இங்கே ஒரு சீட்டு வீட்டுக்குப் போனால் மாமியார் படிப்பாள், நாத்தனார் படிப்பாள், லீவு லெட்டரோடு இணைத்தால் டீச்சர் படிப்பாள், அம்மாக்காரி கைக்கு அது கடைசியில்தான் வரும். அதனால் அடுத்த வாரத்திலிருந்து ரேஷ்மி பேனாவை எடுத்ததும் அம்மாமாரிடமே கேட்கத் தொடங்கினாள், என்ன எழுதட்டும் என்று. பசியின்மை என்று எழுதச் சொன்னார்கள். உறக்கக் குறைவு, வயிற்றுவலி என்றார்கள். சீட்டில் எழுதியதைத்தான் ரெஜிஸ்டரிலும் எழுத வேண்டும், எழுதினாள். உண்மையெல்லாம் அவள் கைப்பையில் இருக்கிற நோட்டில் இருக்கிறது. அதில் இருநூற்றாறு பிள்ளைகள்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரேஷ்மி, நீ பிள்ளைகளைக் காப்பாத்திட்டே. ரூமை யாரும்மா காப்பாத்துவா?"

பேரைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதாதா என்று கேட்டாள். டாக்டரும் அதைத்தான் யோசித்தாராம். ஆனால் நோட்டு உண்மை என்றால் ரெஜிஸ்டர் பொய் என்றாகிவிடும். எதை நம்ப என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்றால் ஒரே ஒரு அம்மாவாவது, அப்பாவாவது கமிட்டிக்கு முன்னால் வந்து, ஆமாம், என் பிள்ளைக்கு வயிற்றுவலி இல்லை, இதுக்குத்தான் வந்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு ஆள் போதும். இரண்டு மணிக்குள் அந்த ஒரு ஆளைக் கொண்டுவா என்றார்.

காலை முழுக்க ரேஷ்மி ஒரு பிள்ளையைப் பார்த்து அனுப்புவதும், வராந்தாவில் நின்று போன் போடுவதுமாக இருந்தாள். ஆறு அம்மாமாரிடமும் நேரிலேயே கேட்டாள். ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி, ரேஷ்மி சேச்சி போனால் இனி எங்கே போவோம் என்று கேட்டாள், ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. சபீனா என்கிற அம்மாக்காரி போனில் அழுதாள், அத்தோடு சரி. சங்கரன்கோவில் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த இசக்கியின் மனைவி மட்டும், வாறேன் அக்கா என்று உடனே சொன்னாள். ரேஷ்மிக்கு உயிர் வந்தது. பத்து நிமிஷத்தில் இசக்கியே கூப்பிட்டான். ஒரே ஷெட்டில் எட்டுக் குடும்பம் இருக்கிறோம், பிள்ளைக்குக் கிறுக்கு என்று பேர் விழுந்துவிடும், மன்னிச்சிக்கிடுங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மணி பன்னிரண்டே முக்கால். கடைசியாக ஒரு நம்பர் மிச்சம் இருந்தது. காலையிலிருந்து அவள் கை அதை மட்டும் தாண்டித் தாண்டிப் போனது.

சுபிதா முதல் மணியிலேயே எடுத்தாள். நாத்தனார் ஏன் கூப்பிடுகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது போலிருக்கிறது, கேட்பதற்கு முன்பே குரல் மாறிவிட்டது.

"மைனி, யாரை வேணாலும் கேளுங்க. என்னை மட்டும் கேக்காதீங்க."

ரேஷ்மி கெஞ்சினாள். வேறு யாரும் கிடைக்கவில்லை என்றாள். அறையை மூடிவிட்டால் அச்சுவுக்கும்தானே இடம் இல்லை, டவுனில் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு தடவைக்கு வாங்குகிற பணத்தை யாருக்குத் தெரியாமல் எங்கிருந்து எடுப்பாய் என்று கேட்டாள். கேட்ட பிறகு அது ஒரு மிரட்டல் போலக் காதில் விழுந்து அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"மாமா இருக்காங்க அந்தக் கமிட்டியில. மாமா முன்னால நான் போயி நிக்கணுமா? எங்க மாமன் வழின்னு ஒரு வார்த்தை அவரு வாயில வந்துட்டா, பெறவு இந்த வீட்டுல நான் எப்பிடி இருக்க? சத்தியமா சொல்லுகேன் மைனி, எனக்கு ஏலாது."

"சாரமில்ல, விடு சுபிதா. உன் பேரும் அச்சு பேரும் என் வாயிலேருந்து வராது. அதுக்கு நான் பொறுப்பு."

இப்படி ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு ரேஷ்மி போனை வைத்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

*

கமிட்டியில் பேச்செல்லாம் மலையாளம். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

மாடியில் மீட்டிங் ஹாலில் பதினோரு பேர். தலைவர் கவுன்சிலரம்மா, வளவளவென்று பேசினால் பிடிக்காது. குடிநீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவு எல்லாம் முடிந்து ரேஷ்மியின் அறை வந்தபோது மணி இரண்டே முக்கால். டாக்டர் காகிதத்தைப் படித்தார். பதினாலு என்ற எண் வந்ததும் ஹாலில் ஒரு சலசலப்பு.

கோலப்பன் எழுந்தார். தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். இது என் மகளுடைய வேலை, அதனால் நான்தான் முதலில் பேச வேண்டும் என்று தொடங்கினார். இரண்டு வருஷத்தில் பதினாலு பிள்ளைகளுக்கு ஒரு அறையும் ஒரு சம்பளமும் அதிகம், அந்தப் பணத்தில் மூச்சிரைப்புப் பிள்ளைகளுக்கு மெஷின் வாங்கலாம் என்றார். சொன்னதோடு நிறுத்தியிருந்தால் நாம் இந்த அத்தியாயத்தைச் சீக்கிரம் முடித்திருக்கலாம். அவருக்குக் கைதட்டல் மாதிரி ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

"என் பேரன் இருக்கான். வீட்டு வாசல் தாண்டினா வாயைத் திறக்க மாட்டான், அப்படி ஒரு அடக்கம். பிள்ளைகளை வளர்க்க வேண்டிய மாதிரி வளர்த்தா இந்த ரூமெல்லாம் எதுக்கு?"

நாலைந்து தலைகள் ஆமோதித்து ஆடின. ரேஷ்மி கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாக்கியம் போதும், அப்பா அப்படியே உட்கார்ந்துவிடுவார், அறையும் பிழைத்துவிடும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், பொய் சொல்வானேன். அவள் சொல்லவில்லை.

அச்சுவைப் பற்றி ஒன்றும் அறியாத டாக்டர் வேலாயுதன்தான் பதில் சொன்னார். கோலப்பன் சேட்டன் சொல்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது என்று பதமாகத் தொடங்கி, வீட்டில் நன்றாகப் பேசுகிற சில பிள்ளைகளுக்கு வெளியே போனால் பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும், மூத்திரம் வந்தால்கூடச் சொல்ல வராது, நாம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வோம் என்றார். கோலப்பன் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தார். மூத்திரம் என்ற இடத்தில் அவர் கண் ஒரு தரம் சுருங்கியது. பேரன் பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்கு ஓடுவதைத் தினமும் பார்க்கிறவர் அவர்.

அப்போது ரேஷ்மி எழுந்தாள். ரெஜிஸ்டரில் இருப்பது தப்பு, எழுதியது நான், வந்த பிள்ளைகள் பதினாலு இல்லை, இருநூற்றாறு என்று சொன்னாள். ஏன் அப்படி எழுதினேன் என்பதையும் ஓடையில் விழுந்த சீட்டையும் சொன்னாள். ஹாலில் ஆளாளுக்குப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அரசாங்க ரெஜிஸ்டரில் பொய் எழுதினால் விசாரணை வரும், தெரியுமா என்றார் ஒருவர். மாசாமாசம் கையெழுத்துப் போட்டவன் நான், விசாரணை என்றால் எனக்கும் சேர்த்து வைக்கட்டும் என்றார் டாக்டர். அந்த மனிதரின் குரல் உயர்ந்து அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

கவுன்சிலரம்மா கையமர்த்தினார். வந்து சொல்ல ஒரு பெற்றோர் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள் ரேஷ்மி. நோட்டைக் காட்ட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள்.

கோலப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. மகள் சம்பளத்துக்குக் கைதூக்கினார் என்ற பேச்சுக்குப் பயந்தவர், மகள் பொய்க்காரி என்ற பேச்சை எல்லார் முன்னாலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்படி என்னதான் எழுதித் தொலைத்தாய் என்று மலையாளத்தில் அதட்டலாகக் கேட்டார்.

பசியின்மை என்றாள். உறக்கக் குறைவு என்றாள். பிறகு, சொல்லாமல் விட்டிருக்கலாம், பழக்கதோஷத்தில் மூன்றாவதும் வந்துவிட்டது. வயிற்றுவலி.

கோலப்பன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். அதுவரை மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தவர், பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதை மறந்து வீட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார்.

"மக்ளே, நம்ம அச்சுவும் உண்டா இதுல?"

ரேஷ்மி வாயைத் திறந்தாள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததில்லை. அம்மா இறந்துபோன அன்றுகூட இப்படி இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்ல வரவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அது போதுமாக இருந்தது. கோலப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து நின்றார். இந்த முறை துண்டைச் சரிசெய்யவில்லை.

"எழுதிக்கோங்க. கோலப்பன் பேரன், வலியசாலை. இல்லாத வயிற்றுவலிக்கு எட்டு மாசமா நான் அவனுக்கு ஓமத் தண்ணி குடுத்தேன். பிள்ளை பயந்து நின்னதை அடக்கம்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். ஒரு ஆள் வேணும்னீங்களே, நான் வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மெஷின் விஷயத்தை யாரும் மறுபடி எடுக்கவில்லை. கவுன்சிலரம்மா சிறிது நேரம் காகிதத்தைப் புரட்டினார். ஆறு மாசத்துக்குக் கமிட்டி சம்பளம் கொடுக்கும் என்றும், ஆனால் நாளை முதல் ரெஜிஸ்டரில் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் என்றும் தீர்மானம் சொன்னார். கைகள் உயர்ந்தன. கோலப்பன் கை மட்டும் உயரவில்லை. மகள் விஷயம், நான் கைதூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். மனிதர் மாறவே மாட்டார்.

உள்ளதை எழுதினால் நாளைக்கு அந்தப் பெஞ்சில் யார் வந்து உட்காருவார்கள் என்ற கேள்வி ரேஷ்மிக்குள் அப்போதே குடையத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஆறு மாசம். டாக்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டு, நகல் வாங்கி, அவள் வெளியே வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

வராந்தாவில் அப்பா பேசி முடித்த போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. விஜினைக் கூப்பிட்டு எல்லாம் சொல்லிவிட்டேன் என்றார். ஒளித்து வைத்தது போதும், இனி வீட்டில் எல்லாரும் சேர்ந்து பிள்ளையைப் பார்ப்போம் என்றார். நல்ல காரியம் செய்துவிட்ட மனசோடு சொன்னார்.

ரேஷ்மி நகலைக் கைப்பையில் திணித்தாள்.

"அப்பா, சுபிதாகிட்ட முதல்ல நான் பேசியிருக்கணும்."

"அவகிட்ட என்ன பேச? அவளுக்குத் தெரிஞ்சதுதானே?" என்று கேட்டுவிட்டு, கடையில் விஜின் தனியாக இருப்பான், போய்ப் பார்க்கிறேன் என்று ஆட்டோவைக் கைகாட்டினார்.

*

ரேஷ்மி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். வாசல் பூட்டியிருந்தது. சாவி அடுத்த வீட்டில் இருந்தது. கொடுத்தவள், சுபிதா பையும் பிள்ளையுமாகத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துப் போனாளே, நாகர்கோவிலில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். ஆமாம் என்று ரேஷ்மி சொன்னாள். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. சுபிதா பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அச்சுவின் யூனிபார்ம் மட்டும் கட்டிலில் உள்வெளியாகக் கிடந்தது.

விஜினை முதலில் கூப்பிட்டாள். அவன் கடையிலிருந்து கத்தினான். எட்டு மாசமாக என்னைப் பைத்தியக்காரன் ஆக்கினீர்களா இரண்டு பேரும் என்றான். சுபிதாவிடமும் போனில் இப்படித்தான் கத்தியிருக்கிறான். என்ன சொன்னாய் என்று ரேஷ்மி அழுத்திக் கேட்டபோது அவன் சுருதி இறங்கியது. கோபத்தில் மாமன் வழி என்ற வார்த்தை வந்துவிட்டதாம். விளையாட்டுக்கு இல்லை இந்த முறை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் சுபிதாவை ஏழு தடவை கூப்பிட்டாள். எட்டாவது தடவை எடுத்தாள். பஸ்ஸின் இரைச்சலும் பின்னால் யாரோ இருமுகிற சத்தமும் கேட்டன.

"பாலராமபுரம் தாண்டியாச்சு மைனி. அச்சு மடியில ஒறங்குகான்."

குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் ரேஷ்மிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் சொல்லவில்லை, சத்தியமாக உன் பேரும் பிள்ளை பேரும் என் வாயில் வரவில்லை, நோட்டைக்கூட வெளியே எடுக்கவில்லை, அப்பா தானாகக் கண்டுபிடித்தார் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அறைக்கு ஆறு மாசம் கிடைத்துவிட்டது, அச்சு இவ்வளவு தூரம் வந்தபிறகு நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவனை மட்டுமாவது கொண்டுவா என்றாள்.

"நீங்க சொல்லல்லன்னு எனக்குத் தெரியும். உங்க தம்பியே சொன்னாரு. மாமா கேட்டாங்களாம், நம்ம அச்சுவும் உண்டான்னு. நீங்க வாயத் தொறக்காம, மிண்டாம நின்னீங்களாம்."

ரேஷ்மி கட்டிலில் கிடந்த யூனிபார்மை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தனை பிள்ளேளுக்கும் ரெண்டு வருஷமா கை கூசாமப் பொய் எழுதுனீங்களே மைனி. என் பிள்ளைக்கு 'இல்லை'ன்னு ஒத்தப் பொய் சொல்ல உங்களுக்கு வாய் வரல்லியா?"

நெய்யாற்றின்கரை இறங்குகிறவர்கள் முன்னால் வரும்படி கண்டக்டர் சொல்வது போனில் கேட்டது. சுபிதா போனை வைத்துவிட்டாள்.